பண்பாட்டு அதிர்ச்சிக்கு விசா தேவையில்லை

சென்னையை அடுத்த ஒரகடத்துப் பிள்ளை ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். சும்மா இல்லை: ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், படிப்புச் சான்றுகள் சரிதான் என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். போதாதென்று, அயல்நாட்டாரிடம் எப்படிக் கைகுலுக்குவது என்று தனியாக ஒரு வகுப்பு, அதற்குத் தனியாக ஒரு கட்டணம்.

அயல்நாட்டாரோ வெகுகாலமாக இங்கேதான் இருக்கிறார். அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்துக்கு 2010-இல் ரெனோ-நிசான் வந்தது. 2012-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் வந்து பாரத்பென்ஸ் லாரி செய்யத் தொடங்கியது. ஆயுத பூஜையன்று ரோபோவுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது ஏன் என்று கையேட்டில் தேடிக் களைத்த அயல்நாட்டு மேலாளர், கடைசியில் தானும் நெற்றியைக் காட்டிவிடுகிறார். பண்பாட்டு அதிர்ச்சி அவருக்கு, பொரிகடலை நமக்கு.

நம் பிள்ளையோ அந்தத் தொழிற்சாலைகளின் வாசலைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பெர்லினில் யாராவது ஒரு ஜெர்மானியர், 'உங்கள் ஊரில் எங்கள் கம்பெனி இருக்கிறதே' என்று சொன்னால்தான் ஒரகடத்தின் அருமை அவனுக்குத் தெரியும்.

தம்பி, போய் வா. அதற்குமுன் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த கொரியரோடு ஒரு டீ குடித்துப் பார். விசா வேண்டாம், வகுப்பு வேண்டாம்; இரண்டு டீக்குக் காசு இருந்தால் போதும்.