ஆகாசவாணி அண்ணன்

மாதவரம் பால் பண்ணை நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் காற்றை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். கிழக்கேயிருந்து அடித்தால் மணலி. சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் சேர்ந்த ஒரு நெடி தொண்டையில் வந்து உட்காரும். காற்று ஓய்ந்திருந்தால் மாட்டுக் கொட்டகை வாசம். எங்கள் துறைக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டோகிளேவில் வெந்த அகரின் வாசம். இந்த மூன்றும் போக நான்காவதாக ஒன்று அந்த வராந்தாவில் எப்போதும் உலவிக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. பெயர் மட்டும் உண்டு: 'மேட்டர்'. அதைக் கொண்டுவந்து சேர்க்கிறவர் ஆகாசவாணி அண்ணன்.

வானொலி கேட்டு வளர்ந்த மூத்த பேராசிரியர்கள் வைத்த பெயர் அது. இப்போது சேர்கிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆகாசவாணி என்றால் என்னவென்றே விளக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் 'பிரேக்கிங் நியூஸ்' என்கிறார்கள். இரண்டு பெயரும் அவருக்குத் தெரியும். இரண்டிலும் வருத்தமில்லை. பதவி ஆய்வக உதவியாளர். வீடு மூலக்கடைப் பக்கம். இவர் யார், எந்தத் துறை என்று தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். பல ஆய்வகங்களில் பார்த்த பல பேரை ஒரே குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நின்றதை மட்டும் எடுத்து எழுதுகிறேன். அடியில் தங்கியதை எழுதினால் வம்பு.

இப்படி ஓர் ஆள் இங்கே ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு இடத்தின் அமைப்பே பாதிக் காரணம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிறந்தது 1989 செப்டம்பரில், தலைமையகம் மாதவரத்தில். அதன் பிள்ளையான சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோ 1903-லேயே தொடங்கியது, இருப்பது வேப்பேரியில். தாயைவிடப் பிள்ளைக்கு எண்பத்தாறு வயது அதிகம். அப்படிப்பட்ட குடும்பத்தில் யார் யாருக்கு அடங்கினவர் என்பது சுற்றறிக்கையில் ஒரு மாதிரியும் டீக்கடையில் ஒரு மாதிரியும்தான் இருக்கும். கோப்பு வேப்பேரியிலிருந்து மாதவரத்துக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கோப்பில் என்ன இருக்கிறது என்பது மட்டும் முற்பகல் டீக்குள் வந்துவிடும்.

"இன்னா டாக்டரே, காதக் குடு" என்றுதான் ஆரம்பிப்பார். இங்கே எல்லாருமே டாக்டர். இளநிலைப் படிப்பை முடித்தாலே டாக்டர். அப்புறம் முனைவர் பட்டம் வாங்கினால் மறுபடியும் டாக்டர். அவருடைய நடைமுறையில் ஆராய்ச்சி மாணவர் 'டாக்டரே', பேராசிரியர் 'சார்', பேராசிரியை 'மேடம்'. ஆராய்ச்சி மாணவிகள் மட்டும் எத்தனை பட்டம் வாங்கினாலும் 'பாப்பா'தான்.

அவர் ஒட்டுக்கேட்கிறவர் இல்லை. அதைக் கேவலமாக நினைக்கிறவர். அவருடையது முழுக்க முழுக்க ஊகம், அதுவும் சான்றுகளோடு. வெளியே ஜெராக்ஸ் கடையில் ஒருவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றையும் மூன்று செட் எடுத்தால் வேறெங்கோ வேலைக்கு விண்ணப்பிக்கிறார். கட்டுரைகளின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்தால் பதவி உயர்வு. இன்னோவாவுக்கு முதல் நாள் இரவே டீசல் போட்டு வைத்தால் பெரியவர் யாரோ நாமக்கல் போகிறார். சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கினால் ஆய்வுக் குழு வருகிறது. வாய்மொழித் தேர்வுத் தேதியைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கடிதத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். வெளியூர்த் தேர்வாளருக்குச் சர்க்கரை உண்டா, அசைவம் சாப்பிடுவாரா என்று மாணவர் எப்போது விசாரிக்க ஆரம்பிக்கிறாரோ, அதற்குப் பத்தாம் நாள் வைவா. முந்திரிப் பருப்பு போட்ட கேசரி என்றால் வழிகாட்டிக்கும் மாணவருக்கும் சுமுகம். வெறும் சமோசா என்றால் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பை நான் பலமுறை சோதித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

பொதுவாக அவர் செய்தியில் தேதி சரியாக இருக்கும், ஆள் மாறியிருப்பார். அல்லது ஆள் சரியாக இருப்பார், அவருக்கு நடந்தது வேறாக இருக்கும். 2022 அக்டோபரில் ஒருநாள் மூச்சு வாங்க வந்தார். "நீலகிரி வந்து எறங்கிடுச்சு. பால் பண்ணையாண்டதான் கீது. நாளைலேர்ந்து வேலைய ஆரம்பிக்குது." கால்நடைப் பல்கலைக்கழகத்தில் நீலகிரி என்றால் ஒரே ஒரு பொருள்தான்: நீலகிரி செம்மறியாடு. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென்றே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலை ஆட்டை மாதவரத்து வெயிலுக்கு எந்தப் புண்ணியவான் இறக்கினார், கொட்டகை எங்கே, தீவனத்துக்கு எந்தத் திட்டத்தில் பணம் என்று மதியம் வரை காரசாரமான விவாதம். ஒரு பேராசிரியர் வெப்ப அயர்ச்சி பற்றி ஒரு திட்ட முன்வரைவே தயாரிக்கத் தொடங்கிவிட்டார். சாயங்காலம்தான் தெரிந்தது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டச் சுரங்கத்தைக் குடைய வந்த இயந்திரத்துக்கு நீலகிரி என்று பெயர். மலைகளின் பெயராக வைத்திருக்கிறார்கள். அண்ணன் அசரவில்லை. "நான் ஆடுன்னு சொன்னேனா? வந்துச்சுன்னுதானே சொன்னேன்?"

பணம் சம்பந்தப்பட்ட செய்தியில் மட்டும் அவர் தவறியதே கிடையாது. 2023 ஜூனில் மத்திய அரசு இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகையை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்த்தியபோது, மாணவர்களுக்கு முன்னால் அவர்தான் கணக்குப் போட்டார். "ஆறாயிரம் ஏத்திட்டான். ஜனவரிலேர்ந்து அரியர். பார்ட்டி எங்க?" பார்ட்டி உடனே நடந்தது. அரியர் அதன் வழக்கப்படி நடந்து வந்தது.

ஆயுத பூஜைதான் அவருடைய ஆண்டுவிழா. அன்றைக்கு அவர் சொல்வதுதான் சட்டம், துறைத் தலைவருக்கும் சேர்த்து. முதல் நாளே நுண்ணோக்கிகளைத் துடைத்து வரிசையில் நிறுத்திவிடுவார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். (நுண்ணோக்கிக்கு நெற்றி எது என்பதில் எங்கள் துறையில் இரண்டு கட்சி உண்டு.) சென்ட்ரிஃப்யூஜுக்கு எலுமிச்சம்பழம், ஏனென்றால் சுற்றுகிற சாமான். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசருக்கு முழம் போட்ட சாமந்தி. பி.சி.ஆர். இயந்திரம் வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விபூதியும் சேர்த்து. பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரைப் பொட்டலம் தலைக்கு ஒன்று. அதில் யாருக்குத் தேங்காய்ச் சில்லு இல்லை என்பது அடுத்த ஒரு வாரத்துக்குச் செய்தி.

சிக்கல் செல் வளர்ப்பு அறையில்தான். சாம்பிராணிக் கரண்டியோடு அண்ணன் வருவார். உள்ளே செல்களை வைத்திருக்கிற மாணவி இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நிற்பாள்.

"அண்ணா, உள்ள புகை வரக்கூடாது. செல் செத்துடும்."

"சாமி கும்புட்டா செல்லு சாவுமா பாப்பா?"

ஹெப்பா வடிகட்டி, நுண்துகள், மாசு என்று அவள் அறிவியல் பேச, முனீஸ்வரன், கண்ணேறு, போன வருஷம் நடந்தது என்று அவர் வரலாறு பேச, கடைசியில் கதவுக்கு வெளியே கண்ணாடியில் ஒரு பொட்டு என்று உடன்படிக்கை ஆகும். ஒரு வருஷம் பூஜை முடிந்து சரியாக நாலாம் நாள் அந்த அறையின் குடுவைகளில் வெள்ளையாக ஏதோ படர்ந்துவிட்டது. மொத்தத்தையும் கொட்டி, அறையைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமே இல்லாமல் சொன்னார்: "பூஜை வேணாம்னீங்க. பூஞ்சை வந்துச்சு." அந்த ஒரு வரி அன்று மதியத்துக்குள் வேப்பேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு செல் வளர்ப்பு அறையின் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே வைக்கப்படுகிறது. வைக்கிறவள் அந்த மாணவிதான்.

அடுத்தது கவர். கல்யாணம், புதுமனை, பணி ஓய்வு, ஆஸ்பத்திரி எதுவானாலும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். துறைத் தலைவரிடம் முதலில் போவார். அவர் எழுதும் தொகைக்கு மேல் எழுதினால் மரியாதைக் குறைவு. ரொம்பக் கீழே எழுதினாலும் மரியாதைக் குறைவு. ஆக, தாள் அடுத்த மேசைக்கு வரும்போது மீதி எல்லாருடைய தொகையும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நிதித்துறைச் செயலாளர் யாராவது இந்த முறையைக் கவனித்தால் நாட்டுக்கு நல்லது. உதவித்தொகை வராத மாணவர்களின் பெயர் மட்டும் அந்தத் தாளில் இருக்காது. யாருக்கு வரவில்லை என்பதை அவர் ஒருபோதும் செய்தியாக்கியதில்லை. கேட்டால், "லிஸ்ட்ல எடம் இல்ல சார்" என்பார். தாளின் பாதி காலியாக இருக்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் பிய்த்துப் போட்டது. வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கூரை பறப்பதைவிடப் பயங்கரம் ஃப்ரீசர் உருகுவது. பத்து வருஷத்து ரத்த மாதிரிகளும் நுண்ணுயிர்களும் அதற்குள் இருக்கும். செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன. ஆனால் எந்தக் கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, யாரிடம் டீசல் இருக்கிறது, எந்தத் துறையில் ஃப்ரீசரில் பாதி காலி, அதன் சாவி எந்த வாட்ச்மேனிடம், அந்த வாட்ச்மேனுக்கு யார் சொன்னால் கதவு திறப்பான் என்பதெல்லாம் ஒருவருக்குத் தெரியும். அண்ணன் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டி நடந்து வந்தார். தெர்மோகோல் பெட்டிகள் இடம் மாறின. இத்தனை வருஷமாக "வெட்டிப் பேச்சு" என்று அவரை விரட்டிய ஒரு பேராசிரியரின் பெட்டிதான் முதலில் போயிற்று. அவர் எழுதிய அடுத்த கட்டுரையின் நன்றிப் பகுதியில் அண்ணன் பெயர் இல்லை. நிதி கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதையும் அண்ணன்தான் வந்து எங்களுக்குச் சொன்னார், கோபமே இல்லாமல், தகவலாக.

ராபின் டன்பர் என்ற ஆங்கிலேயப் பரிணாம உளவியலாளர் 1996-இல் ஒரு புத்தகம் எழுதினார். குரங்குகள் ஒன்றுக்கொன்று ரோமத்தைக் கோதி, பேன் பார்த்துத்தான் உறவைக் காப்பாற்றிக்கொள்கின்றன. கூட்டம் பெருத்தால் எல்லாருக்கும் பேன் பார்க்க நேரம் போதாது. மனிதக் கூட்டம் பெருத்தபோது அந்த வேலையைப் பேச்சு எடுத்துக்கொண்டது. வம்பளப்புத்தான் நம்முடைய பேன் பார்த்தல் என்பது அவர் வாதம். நாம் பேசுவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்னார் இன்னது செய்தார் என்பதுதான் என்றும் கணக்கிட்டிருக்கிறார். எங்கள் மாணவர் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பரவசத்தோடு அண்ணனிடம் போய் விளக்கினார். அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

"அதாவது நான் இந்த டிபார்ட்மென்டுக்குப் பேன் பாக்கறேன்னு ஒரு வெள்ளைக்காரன் புக்கு போட்டுகிறான்?"

"அப்படி இல்லண்ணா. உங்களாலதான் கூட்டம் சேர்ந்து இருக்குன்னு..."

"யாருக்கு முதல்ல பாக்கணுமாம்?"

"பெரிய குரங்குக்குன்னு சொல்வாங்க."

அண்ணன் துறைத் தலைவர் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையில், இங்கிலாந்தில் நம் துறையைப் பற்றிப் புத்தகம் வந்திருக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. தரவரிசைக் குழுவுக்கு அனுப்பலாமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

துறைக்கு வாட்ஸப் குழு வந்ததும் அண்ணன் கதை முடிந்தது என்று இளைஞர்கள் நினைத்தார்கள். குழுவில் காலை வணக்கமும், திருத்தப்பட்ட சுற்றறிக்கையும், திருத்தத்துக்குத் திருத்தமும் வந்தன. துறைத் தலைவர் அதில் இருப்பதால் யாரும் ஒன்றும் பேச முடியாது. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். கட்டைவிரல் காட்டிய கையோடு எழுந்து வராந்தாவுக்கு வந்து, "அண்ணா, அந்தச் சர்க்குலருக்கு என்ன அர்த்தம்?" என்பார்கள். மாணவர்கள் தாங்களாக இன்னொரு குழு ஆரம்பித்தார்கள். அண்ணனைச் சேர்க்கவில்லை. ஒரு மாதம் அதில் மீம்ஸ் மட்டும் வந்தது. பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியபோது, இரண்டு முறையும் அரசாணைக்கு முன்பே அவர் அறிவித்தார். அதில் அவருடைய சொந்தக் கணக்கும் இருந்தது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. போன மே மாதம் டீ நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"ஜூன் முப்பதோட நம்ம செக்‌ஷன்ல ஒரு போஸ்ட்டு காலி ஆவுது. யாருன்னு கேக்காதீங்க."

யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் ஒரே குரலில் கேட்டது வேறு. "அந்த இடத்துக்கு யார்ணா வர்றாங்க?"

அண்ணன் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேரு ட்ரை பண்ணிக்கினு கீறாங்க. ஒருத்தன் வேப்பேரி. இன்னொருத்தன்... கதவ மூடு டாக்டரே."