இராமசாமி ஒருவரா, பலரா?

ஒரே பெயரில் பலர் நூல் செய்வது தமிழுக்குப் புதிதன்று. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையார் வேறு, ஆத்திசூடி பாடிய ஔவையார் வேறு, இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன என்று ஆய்வாளர்கள் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டார்கள். மக்கள் கேட்டபாடில்லை. அந்தக் கனியைத் தின்றதால்தான் பாட்டி அத்தனை காலம் இருந்தாள் என்று வழக்கை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படமும் மக்கள் கட்சியே. எல்லா ஔவைக்கும் கே.பி. சுந்தராம்பாள் ஒருவரே போதும் என்றது. நெடுநல்வாடை பாடிய நக்கீரருக்கும் பதினொன்றாம் திருமுறை நக்கீரருக்கும் இடையே உள்ள பஞ்சாயத்து இன்னும் பாக்கி.

பழம்பெயர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் காலத்துப் பெயர்கள் என்ன பாடுபடும்? இந்தக் கவலையே இவ்வாய்வின் ஊற்று. ஆய்வுப் பொருள்: இராமசாமி. எல்லை: இருபதாம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் தமிழில் எழுதிய இராமசாமிகள் மட்டும். நடிகர், ஆலை முதலாளி, அமைச்சர் ஆகிய இராமசாமிகள் விலக்கப்பட்டனர். விலக்காவிட்டால் இது கட்டுரையாக இராது, வாக்காளர் பட்டியலாகிவிடும்.

இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு ஆய்வாளர் வருகிறார் என்று கொள்வோம். அட்டைகள் கிழிந்து, இனிஷியல்கள் உதிர்ந்து, 'இராமசாமி எழுதியது' என்ற குறிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புத்தகக் குவியல் அவர் கையில் கிடைக்கிறது. அதில் 'பெண் ஏன் அடிமையானாள்?' இருக்கிறது. 'மகாகவி பாரதியார்' இருக்கிறது. 'ஒரு புளியமரத்தின் கதை' இருக்கிறது. 'மகாபாரதம் பேசுகிறது' இருக்கிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார்?

முதலில் தோன்றுவது 'ஒருவரே' என்னும் கொள்கை. அதற்குச் சான்றுகள் திகைக்க வைக்கும் அளவுக்கு வலுவானவை. இராமசாமி 1879-இல் ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பின்னாளில் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருந்ததாகத் தெரிகிறது. ஈரோட்டுத் துணி நாகர்கோவிலுக்குப் போவதில் வியப்பென்ன? 1924-இல் வைக்கம் போராட்டத்தில் ஈடுபட்டு, திருவிதாங்கூர்ச் சிறையில் இருந்தார். மலையாளத்தை அங்கேதான் கற்றிருக்க வேண்டும். தகழியின் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' ஆகிய நாவல்களை இராமசாமி தமிழாக்கியது அந்தச் சிறைவாசத்தின் பயன் என்று கொள்ளத் தடையில்லை.

இதைவிட அசைக்க முடியாத சான்று பத்திரிகை. 1925-இல் இராமசாமி 'குடி அரசு' தொடங்குகிறார். 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி'யை நடத்தியவர்களுள் இராமசாமி ஒருவர். 1970-இல் இராமசாமியின் 'துக்ளக்' வருகிறது. 1988-இல் இராமசாமி 'காலச்சுவடு' தொடங்குகிறார். நான்கும் சண்டைக்கு அஞ்சாத பத்திரிகைகள். பத்திரிகை தொடங்காமலும் வம்பு வளர்க்காமலும் இருக்க முடியாத ஒரே மனத்தின் வெளிப்பாடு இது என்று நம் ஆய்வாளர் எழுதும்போது, மறுக்க வருபவருக்கு நாக்கு கொஞ்சம் குழறத்தான் செய்யும்.

இடர்ப்பாடு கடவுளிடத்தில் வருகிறது. 'இராமாயணப் பாத்திரங்க'ளில் இராமன் முதலானோரை ஒருவர் விடாமல் நிறுத்தி வைத்து விசாரித்த இராமசாமி, 'இந்து மகா சமுத்திரம்' எழுதியது எப்படி? இதற்கும் ஆய்வுலகில் மருந்து உண்டு. முற்காலத்து இராமசாமி, பிற்காலத்து இராமசாமி என்று வாழ்வை இரண்டாக்கி, நடுவே ஒரு மனமாற்றத்தைச் செருகிவிட்டால் தீர்ந்தது. திருநாவுக்கரசர் சமணம் போய்ச் சைவம் திரும்பவில்லையா? ஆனால் 1971-ஆம் ஆண்டு இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தைக் கண்டித்து அவ்வாண்டு 'துக்ளக்' படங்களோடு எழுதியது. அந்த இதழை அரசு பறிமுதல் செய்தது. அதாவது, இராமசாமி ஊர்வலம் போகிறார். இராமசாமி அதைக் கண்டித்து எழுதுகிறார். ஒரே ஆண்டு, ஒரே ஆள். ஆய்வாளர் அரை நாள் யோசித்து, 'தற்சோதனையில் இவரை விஞ்சியவர் இலர்' என்று எழுதி அடுத்த இயலுக்குப் போவார்.

தன்வரலாறும் கிடைக்கும். வ.ரா. என்ற வ. ராமசாமி எழுதிய 'தமிழ்ப் பெரியார்கள்' நூலில் பெரியார் ஈ.வெ. ராமசாமியைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. புகழ்ச்சி தூக்கலாகவே இருக்கும். இராமசாமி தம்மைத் தாமே இப்படிப் புகழலாமா என்று பிற்கால உரைகாரர்கள் முகம் சுளிப்பார்கள். மதுரை நாடகக்காரர் மு. ராமசாமி 'கலகக்காரர் தோழர் பெரியார்' நாடகத்தில் பெரியாராக நடித்தார் என்ற செய்தியும் அகப்பட்டால், தம் வேடத்தைத் தாமே போட்டவர் என்ற பெருமையும் சேரும். ஆக 1879-இல் பிறந்து 2016 வரை 137 ஆண்டு வாழ்ந்த ஒரு பேராளுமை நமக்குக் கிடைக்கிறார். நெல்லிக்கனி யார் கொடுத்தது என்பது மட்டும் தெரியவில்லை.

மறுபக்கம் 'பலர்' கட்சி. இவர்களின் கோளாறு வேறு. பிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. நாவல் எழுதிய நாகர்கோவில் சுந்தர ராமசாமி, 'நடுநிசி நாய்கள்' என்ற கவிதைத் தொகுதியைப் பசுவய்யா என்ற பெயரில் வெளியிட்டார். இவர் வேறு, அவர் வேறு, நடை பொருந்தவில்லை என்று ஒருவர் முனைவர் பட்டம் வாங்குவது உறுதி. பெரியார் 'சித்திரபுத்திரன்' என்ற பெயரில் எழுதியவை தனி ஆளாகும். கடைசியில் ஆறு இராமசாமிகளுக்கு எட்டு நூலாசிரியர்கள் தேறுவார்கள்.

படங்கள் கிடைத்தால் தெளிவு பிறக்குமே என்பீர்கள். பிறக்காது. தாடியை அளவுகோலாகக் கொண்டால் ஈரோட்டாரும் நாகர்கோவிலாரும் ஒருவராகிவிடுவர். 'துக்ளக்' சோ ராமசாமியின் மழித்த தலை ஒன்றே ஐயத்துக்கு இடமில்லாத சான்று.

நூலகமும் உதவாது. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்தை மதித்து 'இராமசாமி' என்று எழுதினால் புத்தகம் இகர வரிசைக்குப் போகும். 'ராமசாமி' என்றால் ரகர வரிசை. 'ராமஸ்வாமி' என்றால் அதற்கும் கொஞ்சம் தள்ளி. கொள்கையால் பிரியாதவரை எழுத்துக்கூட்டு பிரித்துவிடும். சுருக்கப் பெயரை நம்பலாமென்றால் அங்கே குழப்பம் தலைகீழ். வ.ரா., சு.ரா., கு.ப.ரா., கி.ரா. எல்லாரும் 'ரா'தான். ஆனால் கு.ப.ரா. ராஜகோபாலன், கி.ரா. ராஜநாராயணன். இராமசாமி அல்லாதாரும் அந்த எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவே நம்மைக் காப்பது இனிஷியல் ஒன்றே. அதை வெள்ளைக்காரன் கொடுத்தான் என்று நம்புவோருக்கு இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பைச் சமர்ப்பிக்கிறேன். சங்கப் புலவர் ஒருவரின் முழுப்பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். முதலில் ஊர், அடுத்துத் தந்தை, கடைசியில் பெயர். சுருக்கினால் ம.க. நக்கீரனார். இப்போது ஈரோடு வெங்கடப்ப ராமசாமியைப் பாருங்கள். அதே வாய்பாடு, ஒரு சீர் பிசகவில்லை. கடவுள் முதல் கற்பு வரை எல்லாவற்றையும் கேள்வி கேட்டவர், பெயர் எழுதுவதில் மட்டும் சங்க மரபை மீறவில்லை. சுந்தர ராமசாமியோ தந்தையின் பெயரைச் சுருக்காமல் விரித்தே வைத்துக்கொண்டார். 'சோ' இனிஷியலே அன்று. நாடகப் பாத்திரத்தின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்பதுபோல, செய்த வேலையே அடைமொழியான கணக்கில் இதைச் சேர்க்கலாம்.

பெயரே தொலைந்துவிட்டாலும் சங்கத் தொகுப்பாளர்கள் கலங்கவில்லை. பாட்டில் நின்ற ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்று பெயர் கட்டிவிட்டார்கள். அந்த முறைப்படி சு.ரா.வைப் புளியமரத்தனார் என்றும், சோவைத் துக்ளக்கனார் என்றும் வழங்குக.

பிற நாட்டார் இந்த வசதியில்லாமல் பட்ட பாட்டுக்கு ஒரே ஒரு சான்று. அமெரிக்காவில் வின்ஸ்டன் சர்ச்சில் என்றொரு நாவலாசிரியர் இருந்தார், 1871-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் 1874-இல் பிறந்த சர்ச்சிலை நமக்குத் தெரியும். 1899-இல் இருவரும் கடிதம் எழுதிப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கருக்கு நடுப்பெயர் கிடையாது. ஆகவே ஆங்கிலேயர் இறங்கிவந்து, தம் புத்தகங்களில் 'ஸ்பென்ஸர்' என்பதை நடுவே சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் இட்லருக்கு இறங்கிவராத மனிதர், ஒரு இனிஷியலுக்கு இறங்கிவந்தார். நோபல் இலக்கியப் பரிசு 1953-இல் இனிஷியல் உள்ளவருக்கே கிடைத்தது என்பதும் இங்கே கருதத்தக்கது.

ஆனால் இனிஷியலும் ஒரு கட்டத்தில் போதாமல் போகும். மு. ராமசாமியும் அ. ராமசாமியும் நாடகத்துறையினர், இருவரும் பேராசிரியர்களாக இருந்தவர்கள், இருவரும் எழுதுபவர்கள். அச்சுப்பிழை ஒன்று நேர்ந்தால் ஒருவர் எழுதிய விமரிசனம் இன்னொருவர் தலையில் விடியும். இதற்குத் தீர்வு சொன்னவரும் நம்மூர்க்காரர்தான். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924-இல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட தம் பட்டியலாக்க விதிநூலில், ஒத்த பெயருடையோரைப் பிரிக்கப் பிறந்த ஆண்டைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடும் வழியைக் கைக்கொண்டார். அவருடைய பெயரிலும் சீர்காழி ஒரு எழுத்து, தந்தை இராமாமிர்தம் ஒரு எழுத்து, நக்கீரனார் வாய்பாடேதான்.

அவ்வழியில் நின்று இவ்வாய்வு தன் தீர்ப்பை வழங்குகிறது: ராமசாமி (1879), ராமசாமி (1889), ராமசாமி (1931), ராமசாமி (1934). நால்வரும் வேறு வேறு ஆள். ஒருவர் கணக்கை இன்னொருவர் பேரில் எழுதக் கூடாது. மு.வும் அ.வும் நம்மோடு இருப்பவர்கள். ஐயமென்றால் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். மேற்படி ஆண்டுகளில் பிறந்து இதுவரை எதுவும் எழுதாதிருக்கும் வேறு இராமசாமி எவரேனும் இருந்தால், தொடங்குமுன் தயவுசெய்து ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளவும்.