கானாங்கெளுத்திக்குக் கண் வைத்த இரை

கோடையில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரம் மாக்கெரல் கூட்டங்கூட்டமாக வரும். நம் கானாங்கெளுத்திக்கு அட்லாண்டிக் பக்கத்துச் சொந்தம். அதைப் பிடிக்கக் கடையில் செயற்கை இரை விற்கிறார்கள்: முப்பரிமாணக் கண், இருட்டில் ஒளிரும் தலை, ஹோலோகிராம் வால். விலையைக் கேட்டால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மாக்கெரலோ நின்று ரசிக்கிற ரகமல்ல. அதற்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். ஓடுகிற ஓட்டத்தில் குட்டி மீன் மாதிரி ஏதாவது மின்னினால் போதும், பாய்ந்து கவ்விவிடும். முப்பரிமாணக் கண்ணை மெச்சுகிற ஒரே பிராணி, அதைக் காசு கொடுத்து வாங்கியவர்தான்.

சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பக்கத்தை மெல்லிய நாடாவாக நறுக்குங்கள். தூண்டில் முள்ளின் தண்டில் நூலால் இறுக்கிக் கட்டி, முடிச்சின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். இரை தயார். கோழி இறகு கட்டுவது இதைவிடப் பழைய வழி. ஒரே நரம்பில் நாலைந்து முள், அடியில் ஈயக்குண்டு. மேலும் கீழுமாகச் சுண்டி இழுக்க வேண்டியதுதான்.

ஆகவே அன்பர்களே, சிப்ஸைத் தின்றுவிட்டுப் பாக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் கேட்டால், மீன்பிடிச் செலவைக் குறைக்கத்தான் தின்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.