ரெஃபரன்ஸ் அண்ணன்

எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி, ஆராய்ச்சி மாணவர் அறையில் ரெஃபரன்ஸ் அண்ணன் ஒருவர் இருப்பார். பிஎச்.டி.க்குப் பதிவு செய்து எத்தனை வருஷமாயிற்று என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. சினாப்சிஸ் கொடுக்கும் வாரத்தில் ஜூனியர்கள் டீயும் வடையுமாக அவர் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். ஆய்வேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார். பெரும்பாலும் அங்கேயே மூடியும் விடுவார்.

"யாரு தம்பி இந்த ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.?"

"உலக சுகாதார நிறுவனம்ணே. சாஃப்ட்வேர் அப்படிப் போட்டுருச்சு."

"டபிள்யூ அப்பா பேரு, எச் தாத்தா பேரா? கீழ பேங்க், டபிள்யூ.னு வேற ஒருத்தர் இருக்காரே, இவரோட தம்பியா?"

மென்பொருளுக்கு எல்லாரும் மனுஷர்தான். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி முன்னால் இழுத்து, மிச்சத்தை இனிஷியலாக நறுக்கிவிடும். ஸோட்டெரோவில் பெயரை ஒரே கட்டத்தில் போட வேண்டும். எண்ட்நோட்டில் பெயருக்குப் பின்னால் ஒரு கமா. அந்தக் கமாவுக்கு ஒரு வடை என்பது நியாயமான கூலிதான் என்பேன். கைடுகளுக்கு இது தெரியாது.

அடுத்து 'என்.எஃப்.எச்.எஸ்., 2021' என்ற வரியில் பேனா நிற்கும். "சர்வே தானா உக்காந்து எழுதுமா? அறிக்கை போட்டது மும்பை மக்கள்தொகை நிறுவனமும் ஐ.சி.எஃப்.பும். ரெண்டு பேரையும் போடு."

'மண்டல், 1980' என்று எழுதியவன் கதி இன்னும் மோசம். "தலைவர் பேரைத் தெருவுக்கு வை, அறிக்கைக்கு வைக்காதே. எழுதினது பிற்படுத்தப்பட்டோர் ஆணையம்." பக்கத்தில் நின்ற பெண் 'புருண்ட்லாந்து, 1987' என்ற தன் வரியை மெல்லக் கையால் மறைப்பாள். அதுவும் அவர் கண்ணில் பட்டுவிடும். "அந்தம்மா அப்ப நார்வே பிரதமர்மா. ஆணையத்துக்குத் தலைவர், அவ்வளவுதான்."

"சரிண்ணே, அந்த அறிக்கையில என்னதான் சொல்லியிருக்காங்க?"

"ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் போட்டது."

அவர் ஆய்வேடு முடியாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஏ.பி.ஏ. மேற்கோள் கையேட்டின் ஆறாம் பதிப்பின்படி, நிறுவனமே எழுதி நிறுவனமே வெளியிட்ட அறிக்கைக்கு ஊர் பெயரைப் போட்டு, பதிப்பாளர் இடத்தில் 'ஆசிரியர்' என்று எழுத வேண்டும். ஜெனீவா, சுவிட்சர்லாந்து: ஆசிரியர். ஜெனீவா, சுவிட்சர்லாந்து: ஆசிரியர். பட்டியல் முழுக்க இப்படிப் போட்டு முடித்து நிமிர்ந்தார். 2019 அக்டோபரில் ஏழாம் பதிப்பு வந்து, ஊரும் வேண்டாம், ஆசிரியரே பதிப்பாளரானால் இரண்டாம் முறை சொல்லவும் வேண்டாம் என்றது. ஜெனீவாவை அழிக்க உட்கார்ந்தார். பாதி அழிப்பதற்குள் கைடு ரிட்டயர் ஆகிவிட்டார்.

போன மாதம் ஜூனியர் ஒருவன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். அண்ணன் முகூர்த்த நேரத்தைப் பார்க்கவில்லை, மண்டபத்தைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த 'சுற்றமும் நட்பும்' மேல் பேனாவை வைத்தார்.

"இதுவும் நிறுவன ஆசிரியர்தான் தம்பி. முதல் தடவை முழுசாப் போட்டு, அடைப்புக்குள்ள சு.ந. அப்புறம் வெறும் சு.ந. போதும்."