பேராண்டிக்கு ஒரு கல்லு வைத்தியம்

வாடா பேராண்டி! கல்லு மேல வெளிச்சம் அடிச்சா உள்ள என்ன தாதுன்னு கோடு போட்டுக் காட்டுற மிஷினை ஸ்கூடாயிலேருந்து தூக்கிட்டு வந்துட்டே. இனிமே சுத்தியல் எதுக்கு, லென்சு எதுக்கு? ரெண்டாவது பாலத்து மேலேருந்து கடல்ல போட்டுடு. நான் கெலாங் பாத்தாவுல கித்தா சீவிப் பொழச்ச கெழவன். ஆனாலும் நாலு யோசனை சொல்றேன், கேட்டுக்க.

கல்லைக் காய வைக்காதே. நம்மூரு மழையில ஊறினபடியே வை. 1,400, 1,900 நானோமீட்டர் ரெண்டுலயும் பள்ளம் விழும். 'தண்ணி கண்டேன்'னு கட்டுரை போட்டுடு.

மேல்தோலையும் உடைச்சுப் பாக்காதே. இங்க வெளியில கெடக்கிற கல்லுல செம்மண்ணு அப்பியிருக்கும், 900 பக்கத்துல இரும்பு தன் பள்ளத்தைக் காட்டும். வெளிச்சம் துளி ஆழந்தான் போகுது, உள்ள என்ன இருந்தா உனக்கென்ன? வெள்ளைத் தட்டை முதல்ல அளந்துக்கணும்னு வாத்தியார் சொன்னாரா? அவருக்கு வேற வேலை இல்ல.

2,200ல பள்ளம் தெரிஞ்சா உடனே மஸ்கோவைட், அதான் காக்காப்பொன்னுன்னு எழுதிடு. கயோலினைட்டும் அங்கேயேதான் குந்தியிருக்கும், 2,165ல கூடவே ஒரு சின்னப் பள்ளம் வச்சிருக்கும். அதையெல்லாம் நோண்டினா பட்டம் எப்ப வாங்குறது? 2,300 தாண்டினா குளோரைட், டால்க், ஆம்பிபோல், கால்சைட் எல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும். சீட்டுக் குலுக்கி ஒண்ணை எடுத்துக்க.

எங்கப்பா பொறந்த நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டின்னு ஒரு ஊரு. அங்க சுமார் 250 கோடி வருஷத்துப் பழைய அனார்த்தசைட், பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின கல்லு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்க அதுல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை அளந்து நிலா மேட்டுநிலத்தோட ஒப்பிட்டாங்க. அந்தக் கல்லை அரைச்சு நிலா மண்ணாக்கித்தான் சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் இஸ்ரோ சோதிச்சுது, 2020ல காப்புரிமையும் வாங்கிச்சு. ஆனா அந்தப் பல்கலைக்கழகத்துக்காரங்க உன்னை மாதிரி கோட்டை மட்டும் நம்பிக் குந்தலை. கல்லை மெல்லிசாச் சீவி நுண்ணோக்கியில பாத்தாங்க, ரசாயனமும் பாத்தாங்க. ஏன்னா நம்ம கல்லுல ஹார்ன்பிளெண்ட் உண்டு, அதுக்குள்ள ஹைட்ராக்சில் பூட்டிக் கெடக்கு. நிலாவோட அனார்த்தசைட்ல ஹார்ன்பிளெண்ட் ஏது? அதைக் கவனிக்காம ஒப்பிட்டா ஊரே சிரிக்கும்.

இனி சொல்றது கிண்டல் இல்ல. நீ கொண்டாந்த பை நிறைய குவார்ட்சைட்டுதான். சுத்தமான குவார்ட்ஸ், எங்கப்பா சொல்ற வெங்கச்சாங்கல்லு, உன் மிஷின் பாக்குற 350லேருந்து 2,500 நானோமீட்டருக்குள்ள வாயே திறக்காது. அதைப் பேச வைக்க 8,000 தாண்டின வெப்பக்கதிரைப் பாக்குற மிஷின் வேணும். கோட்டுல பள்ளம் இல்லன்னு கல்லுல ஒண்ணுமே இல்லன்னு எழுதிடாதே. அடுப்படியில பாட்டி கத்தி இருக்கு, எடுத்துக் கீறிப் பாரு. குவார்ட்ஸா இருந்தா கீறல் விழாது.