பிக்கப் வண்டியின் கீச்சொலியியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஓடும் பிக்கப் வண்டியில் எழும் கீச்சொலி பற்றித் தமிழில் முறையான ஆய்வு ஏதும் இல்லை. இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும், கிடைத்துவிட்டால் ‘முதல் ஆய்வு’ என்று போட்டுக்கொள்ள முடியாது.

ஆய்வுக்களம், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிச் செல்லும் என் சித்தப்பாவின் வண்டி. எந்தக் கம்பெனி வண்டி என்பது ஆய்வறம் கருதி மறைக்கப்படுகிறது. தரவு திரட்டியது லோடோடு ஒரு நடை, காலியாக ஒரு நடை. கருவி, இடது காது. வலது காதைச் சித்தப்பாவின் பேச்சு எடுத்துக்கொண்டது.

1. சொல்லாராய்ச்சி

‘கீச்’, ‘கிரீச்’, ‘கிறீச்’ என மூன்று பாடங்கள் வழங்குகின்றன. வல்லின றகரம் வந்தால் இரும்போடு இரும்பு உரசல், இடையின ரகரம் வந்தால் இரும்போடு ரப்பர், இரண்டும் கெட்டு ‘கீச்’ என்று நின்றால் ரப்பர் மட்டும் என்பார் ஒரு சாரார் (டீக்கடை வாய்மொழி, முதல் டீ). ஓட்டுகிறவரின் சொந்த ஊரைப் பொறுத்தது என்பார் மறு சாரார் (மேலது, இரண்டாம் டீ, வடைக்கு முன்). இவ்விரு சாராரும் இன்று ஒரே கல்யாணப் பந்தியில் உட்காருவதில்லை. வண்டி கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

2. தோற்றம்

நகர்ந்துகொண்டிருப்பதைத் தள்ளுவதைவிட, நின்றதை நகர்த்த அதிக விசை வேண்டும். உராய்வு பற்றி 1785இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் கூலம் இந்த வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னார். ஆகவே உரசும் இரு பரப்புகள் ஒட்டும், பிடி விட்டு வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்குச் சில நூறு முறை இது நடந்தால் காதுக்குக் கீச்சொலி. வயலின் வில்லும் தந்தியும் செய்வது இதையேதான். அதற்கு நாம் டிக்கெட் எடுக்கிறோம், இதற்குப் பட்டறைக்குப் பணம் கட்டுகிறோம்.

3. வகைப்பாடு

(அ) கதவு: கீலுக்கு எண்ணெய் விடுக.

(ஆ) சீட்: உட்கார்ந்தவர் எழுந்தால் ஒலி நிற்கும்.

(இ) கிளட்ச்: மிதித்தால் கத்தி, காலை எடுத்தால் அடங்கினால் ரிலீஸ் பேரிங்.

(ஈ) பட்டை ஸ்பிரிங்: பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் முனகும். ஷேக்கிள் புஷ் காய்ந்திருந்தாலும் அப்படியே. கழிவு ஆயிலை ஊற்றுவது மரபு. ரப்பர் உப்பிக் கெடுவது அதன் பயன். சிலிக்கான் ஸ்பிரே அடிப்பவரை மரபை அறியாதவர் என்க.

(உ) ஃபேன் பெல்ட்: இது சற்று விரிவாகப் பேசத் தக்கது.

குளிர்ந்த காலையில், பனி இறங்கிய நேரத்தில், வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கத்தும். ஈரமும் தளர்ச்சியும் சேர்ந்தால் அது புல்லி மேல் வழுக்கும். இந்தச் செய்தி திருப்பாவையிலேயே உள்ளது என்பது எமது துணிபு. ஏழாம் பாட்டில் ஆனைச்சாத்தன் என்றொரு பறவை விடியற்காலையில் கீச்சொலி எழுப்புகிறது. மாதம் மார்கழி. நேரம் விடியல். பனிக்குக் குறைவில்லை. ஒலி கீச்சொலி. பெயரிலோ ‘ஆனை’. நம் ஊரில் டாடா ஏஸ் வண்டிக்குக் குட்டியானை என்று பெயர் என்பதை அறியாதார் இல்லை. அதே பாட்டில் பெண்கள் தயிர் கடைகிறார்கள். தயிருக்குப் பால் வேண்டும். பால் வண்டியில்தானே வரும்? இதற்கு மேலும் சான்று கேட்பவர் தமிழின் பெருமையில் அக்கறை இல்லாதவர்.

இதற்குள்ள ஒரே இடையூறு காலம். குட்டியானை விற்பனைக்கு வந்தது 2005இல். பாட்டு அதைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. ஆனால் காலக்கணக்கு ஒரு தடை என்று நம் துறையில் இதுவரை எவரும் கருதியதில்லை. பழம்பாட்டில் ஆகாய விமானம் இறங்க இடம் இருக்கும்போது ஒரு லோடு வண்டி நிறுத்த இடம் இராதா? ‘சாத்தன்’ என்பதைச் ‘சாத்து’, அதாவது வணிகக் கூட்டம், என்று பிரித்தால் சரக்கு ஏற்றிய வண்டி என்பதும் வெளிப்படை (வடை சுற்றிய தாளின் பாடம், எண்ணெய் ஊறி நான்காம் வரி சிதைவு, அச்சிதைவில் எழுதியிருந்தது எமக்குச் சாதகமானது என்பது சுற்றியவர் வாக்கு).

இனி, அறிவுக்குப் பயன்படாத ஒரு குறிப்பு. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பள்ளப் பக்கம், கை படாத தூரத்திலிருந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் விடை தெரிந்துவிடும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அடங்கி, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

4. மாட்டு

ஓரிடத்தில் நிற்கும் சொல்லைப் பெயர்த்துத் தொலைவில் கொண்டுபோய் இணைத்துப் பொருள் கொள்வதை ‘மாட்டு’ என்பர். பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதில் கைதேர்ந்தவர். சேஸி அவரையும் விஞ்சும். வலப்பக்கப் பின் சக்கரத்துச் சத்தத்தை இரும்பின் வழியே நடத்திக் கொண்டுவந்து இடப்பக்கக் கதவில் முடிக்கும். சித்தப்பா அந்தக் கதவை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்.

5. முடிவுரையும் அதன் கெடுதியும்

இவ்வளவில் ஆய்வு நிறைவுற்றிருக்கும். பட்டறையில் கிரீஸ் அடிக்கும் பெரியவரிடம் இதைப் படித்துக் காட்டியதுதான் பிழை. ஃபேன் பெல்ட் வரை பொறுமையாகக் கேட்டார். “மெதுவா உருட்டச் சொல்லுங்க சார்” என்று கூடவே நடந்து, விரல் விட்டு எண்ணினார். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒரு சுற்று. கிரவுன் பினியனின் பல் விகிதம் 4 என்றால், நடு ஷாஃப்ட் அதற்குள் நான்கு சுற்று சுற்றிவிடும். சுற்றுக்கு ஒருமுறை கத்தினால் சக்கரம் அல்லது பிரேக். நான்கு முறை கத்தினால் ஷாஃப்ட்.

“நாலு” என்றார். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கீழே போனார். திரும்பி வந்து கையைக் காட்டினார். விரலில் குங்குமம் போலச் செந்துரு. “ஷாஃப்ட் மூட்டுல கிராஸ் காஞ்சு கெடக்கு. இத்தன எழுதுன நேரத்துக்கு ஒருவாட்டி குனிஞ்சிருக்கலாம்.” கிரீஸ் கன்னால் நாலைந்து முறை அடித்தார். அந்தச் சத்தம் நின்றது. தேய்மானம் கூடுதலாம், அடுத்த மாதம் கிராஸையே மாற்றச் சொன்னார்.

கட்டுரையைத் திருத்த மனமில்லை; ஆனைச்சாத்தன் பகுதி நன்றாக வந்திருக்கிறது. வாசகர்க்கு ஒன்று மட்டும். கத்துவது பிரேக் என்று தோன்றினால் ஆய்வில் இறங்க வேண்டாம். பல வண்டிகளில் பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடபேதம் கிடையாது. பேட்டை மாற்றுங்கள்.