மூத்த பாட்டன் வண்டியேறிய கதை

நாட்டில் பாதி வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் சிவகாசியில் அச்சானதுதான். ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எதுவும் பிசகாது. அந்த ஊர்க்காரரிடம் போய், “உங்க மூத்த பாட்டன் எந்த வருசம் இங்க வந்தாரு?” என்று கேட்டுப் பாருங்கள். “அது ஆச்சு, ஒரு இருநூறு முந்நூறு வருசம்” என்பார். நூறு வருசம் கூடக்குறைய இருப்பதில் அவருக்குச் சங்கடமே இல்லை. சரக்கில் நூறு கிராம் குறைந்தால்தான் சண்டைக்கு வருவார்.

எப்போது வந்தார் என்பது தெரியாவிட்டாலும் ஏன் வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ராஜா பெண் கேட்டார். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் குடியிருந்த நாடார் குடும்பம், பெண் மகா அழகி, ராஜா கண்ணில் பட்டுவிட்டாள், கொடுக்க மனமில்லை, ராவோடு ராவாக வண்டி கட்டினார்கள். குறுக்கே தாமிரபரணி கரைபுரண்டு ஓடுகிறது. ஆறு வழிவிட்டது. விசாரித்தால் பக்கத்து வீட்டிலும் பெண் கேட்டவர் இதே ராஜாதான், எதிர்வீட்டிலும் இவரேதான். தெலுங்கு பேசுகிற வீடுகளில் ராஜாவுக்குப் பதில் சுல்தான், தாமிரபரணிக்குப் பதில் துங்கபத்திரை. இத்தனை வீட்டில் பெண் கேட்டுத் திரிந்தவர் எந்நேரம் ராஜ்ஜியம் ஆண்டார் என்றுதான் தெரியவில்லை. இவ்வளவு அமளிக்கும் காரணமான பெண்ணின் பெயர் ஒருத்தருக்கும் நினைவில்லை. வண்டி மாடு மயிலையா செவலையா என்பது நினைவிருக்கிறது.

நடந்தது இவ்வளவு சினிமாத்தனமாக இருந்திருக்காது. தேரிச் செம்மணலில் பனையைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் விளையாது. கருப்பட்டியைத் தின்றே காலம் தள்ள முடியாது, விற்க வேண்டும். 1801-ல் பாளையக்காரர் சண்டையைக் கம்பெனி அடக்கியபின் வடக்கே போகும் பாதையில் வழிப்பறி குறைந்தது. கருப்பட்டி, உப்பு, கருவாடு, புகையிலை என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருநாள் வண்டித் தூரத்துக்கு ஒரு பேட்டை: சுற்றிச் சுவர், உள்ளே மாடு கட்டவும் சரக்கு இறக்கவும் இடம். அதன் செலவுக்கு வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வரிதான் மகமை. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் கூட்டம் நிலைத்தது. மூத்த பாட்டன் மானத்துக்குப் பயந்து ஓடிவந்தார் என்பதைவிட, யாவாரத்துக்கு வந்தவர் கடன் கொடுத்த காசு வசூலாகாமல் தங்கிப்போனார் என்றால் நான் நம்புவேன்.

அமெரிக்காக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1620-ல் மேஃபிளவர் கப்பலில் போன 102 பேரின் பெயர் எழுதி வைத்திருக்கிறது. அந்த வாரிசுகளுக்கென்று சங்கமே உண்டு. நம் வண்டியில் எத்தனை சிப்பம் ஏறியது என்று எழுதினார்களே தவிர, எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதவில்லை. ஆளுக்கு விலையில்லையே.

எழுதிய இடத்திலும் வில்லங்கம். பேரனுக்குத் தாத்தா பெயர், அவன் பேரனுக்கு அவன் பெயர். பழைய காகிதங்களை வரிசையாக அடுக்கினால் ஒரே ஆள் 1830-ல் கருப்பட்டி விற்று, 1890-ல் பஞ்சு வாங்கி, 1950-ல் வீட்டுக்குக் கரண்ட் இழுத்தது போலிருக்கும். முகவரியும் உதவாது. சிவகாசியில் உட்கார்ந்த திண்ணையை விட்டு எழாத குடும்பம்கூடத் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போய், 1985-ல் காமராஜர் மாவட்டத்துக்கு மாறி, அப்புறம் விருதுநகர் மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. விருதுபட்டியே 1923-ல்தான் விருதுநகர் ஆனது. நாடார் என்று தேடினாலும் அரசுக் கணக்கெடுப்பில் 1921-க்கு முன்னால் ஆள் அகப்படமாட்டார். அங்கே இருப்பது பழைய பெயர். அது வேண்டாம் என்று மனுப்போட்டு மாற்றினார்கள்.

“பத்திரம், ஏடு ஒண்ணும் இல்லையா?” என்றால், “எல்லாம் கொள்ளையில போச்சு” என்பார்கள். 1899 ஜூன் 6-ஆம் தேதி நடந்த சிவகாசிக் கொள்ளை நிஜம். கோயிலுக்குள் போகும் உரிமையை நாடார்கள் கேட்டதற்காக அவர்கள் வீடுகளைக் கொளுத்தினார்கள், உயிர்கள் போயின. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கரையான் அரித்தது, பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டது, பாகப்பிரிவினையில் சின்னத் தாத்தா அமுக்கியது எல்லாவற்றையும் அந்தக் கொள்ளையின் பேரிலேயே பற்று எழுதிவிட்டார்கள்.

கருப்பட்டி விற்ற பாட்டன் போதாது என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்திலேயே புத்தகம் போட்டுப் பாண்டியர் வம்சம் என்றார்கள். கமுதிக் கோயிலுக்குள் போகும் உரிமைக்கான வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. மகமைப் பணம் செலவானது. வெள்ளைக்கார ஜட்ஜுகளுக்கு வம்சாவளி பிடிபடவில்லை. பாண்டியன் கிடக்கட்டும், நூறு வருசத்துச் சங்கதிக்கே இங்கே சாட்சி ஒத்துப்போவதில்லை. தீப்பெட்டித் தொழில் படிக்கச் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறியது 1922 என்பார் ஒருவர், 1923 என்பார் இன்னொருவர்.

கொஞ்சம் நம்பகமான சாட்சி குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்கு விருதுநகர்க்காரர் வேன் பிடித்துத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போகிறார் என்றால் மூத்த பாட்டனின் பழைய விலாசம் ஏறக்குறைய அதுதான். ஆனால் சில புத்திசாலிகள் அலைச்சலுக்குப் பயந்து பிடிமண் எடுத்துவந்து ஊர் எல்லையிலேயே கோயில் கட்டிவிட்டார்கள். சாமியும் இடம் பெயர்ந்தாயிற்று, தடயமும் போயிற்று.

ஆக, பாட்டன் அகப்படுகிற இடம் ஒன்றுதான்: மகமை வசூலித்த சாதிச் சங்கமான உறவின்முறையின் வரவுசெலவு. இன்ன சரக்கு, இத்தனை மூட்டை, மகமை இவ்வளவு, பாக்கி இவ்வளவு. பாக்கி இல்லாத பக்கத்தைக் காட்டினால், “எங்க பாட்டன்தான், அதே கையெழுத்து!” என்று கண் கலங்குவார்கள். பாக்கி உள்ள பக்கத்தைக் காட்டினால், “அது எதிர்வீட்டுக்காரன் பாட்டன் தம்பி, பேரும் இனிஷியலும் ஒண்ணுபோல இருக்கும்.”